பத்தாயமும் மடையும்

கல்லணையைக் கடந்த காவிரி, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் எனப் பல கிளைகளாகப் பிரிந்து சோழநாட்டின் வயல்களை நனைக்கின்றது. வெண்ணாறும் வெட்டாறும் தென்பகுதியை வளஞ்செய்கின்றன. குறுவை, சம்பா, தாளடி என ஆண்டு முழுவதும் நெல்லின் பெயராலேயே காலத்தைக் கணக்கிட்டு வாழ்ந்தவர்கள் இந்நாட்டு மக்கள். தஞ்சையைத் தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்று அழைப்பதன் காரணத்தை மாணவர்க்கு விளக்கவேண்டுவதில்லை.

இந்நாட்டுப் பழைய வீடுகளில் பத்தாயம் என்றொரு பொருள் உண்டு. பலகைகளை அடுக்கடுக்காகப் பொருத்திச் செய்த பெரிய மரப்பெட்டி அது. அறுவடை முடிந்ததும் நெல்லை அதன் மேல்வாய் வழியாகக் கொட்டுவர். வேண்டியபோது அடியிலுள்ள சிறுவாயைத் திறந்து மரக்காலால் அளந்து எடுப்பர். பத்தாயம் நிறைந்த வீட்டிலேயே பெண் கொடுப்பது வழக்கம். அவ்வாறே, பருத்த வயிற்றையும் செல்வத்தின் அடையாளமாகக் கொண்டு, ‘உடம்பு நன்றாகப் பூசியிருக்கிறது’ என்று புகழ்ந்து கூறினர். பசியும் பஞ்சமும் கண்ட மக்களுக்கு அப்புகழ்ச்சி இயல்பானதே.

நம் உடலுக்கும் ஒரு பத்தாயம் உண்டு. தோலின் அடியிலும் வயிற்றின் உள்ளும் தங்கியிருக்கும் கொழுப்புத் திசுவே அது. உண்ட உணவில் அன்றாடச் செலவு போக எஞ்சியதை உடல் கொழுப்பாக மாற்றி அங்கே சேமிக்கின்றது. ஒரு கிராம் மாவுப்பொருள் ஏறக்குறைய 4 கலோரி ஆற்றலைத் தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். சிறிய இடத்தில் மிகுந்த ஆற்றலைச் சேமிக்கக் கொழுப்பே ஏற்றது என்பது இதனால் விளங்கும். இத்திசு வெறும் சேமிப்பிடம் என்றே அறிஞர் நெடுங்காலம் கருதினர். அது பேசவும் வல்லது, உடலின் பிற உறுப்புகளுக்கு ஆணையிடவும் வல்லது என்னும் உண்மை அண்மைக் காலத்திலேயே வெளிப்பட்டது. அவ்வுண்மையையும், அதற்கும் நீரிழிவு நோய்க்கும் உள்ள தொடர்பையும் கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

முதலில் இன்சுலினை அறிதல் வேண்டும். நாம் உண்ணும் சோறு செரித்துச் சர்க்கரையாகிக் குருதியில் கலக்கின்றது. குருதியை வாய்க்கால் என்று கொண்டால், அதில் ஓடும் நீர் சர்க்கரை. நீரை வேண்டி நிற்கும் வயல்கள் தசை முதலிய திசுக்கள். வாய்க்காலில் நீர் ஓடினால் மட்டும் பயிர் விளையாது. மடையைத் திறந்துவிட ஓர் ஆள் வேண்டும். உடலில் அவ்வேலையைச் செய்வது கணையத்தில் சுரக்கும் இன்சுலின் என்னும் இயக்குநீர். இதனை ஹார்மோன் என்றும் வழங்குவர். தசையினுள்ளும் கொழுப்புத் திசுவினுள்ளும் சர்க்கரை நுழைய இன்சுலின் வழி திறக்கின்றது. கல்லீரல் தன் இருப்பிலுள்ள சர்க்கரையை வேண்டாத வேளையில் வெளிவிடாதவாறும் தடுக்கின்றது.

கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1921ஆம் ஆண்டு பிரெடெரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் செய்த ஆய்வால் இன்சுலின் கண்டறியப்பட்டது. 1922ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நீரிழிவால் நலிந்து கிடந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்குமுன் அந்நோயுற்ற சிறுவர் பிழைப்பது அரிது. பான்டிங்குக்கும், அவ்வாய்வுக்கு இடமளித்த மெக்லியாடுக்கும் 1923இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

அச்சிறுவனுடைய நோய் இன்சுலினே சுரவாமையால் வந்தது. வளர்ந்தோர்க்குப் பெரும்பாலும் வரும் நீரிழிவு அத்தகையதன்று. அதன் தொடக்கத்தில் இன்சுலின் போதிய அளவு சுரக்கின்றது. சிலர்க்கு மிகுதியாகவே சுரக்கின்றது. ஆயினும் திசுக்கள் அதன் சொல்லைக் கேட்பதில்லை. ஆள் வந்து மடைப்பலகையைத் தூக்குகின்றான். பலகையோ சேறு படிந்து இறுகிப் போயிற்று. ஓர் ஆளால் இயலாதபோது இருவர் வருகின்றனர். இருவராலும் இயலாதபோது நால்வர் வருகின்றனர். இவ்வாறே கணையமும் மேன்மேலும் இன்சுலினைச் சுரந்து சில ஆண்டுகள் நிலைமையைக் காத்துக்கொள்ளும். பின்னர் அதுவும் களைத்துப் போகும். அப்போது வாய்க்காலில் வெள்ளம், வயலில் வறட்சி என்னும் நிலை தோன்றும். அதுவே நீரிழிவு. கரை கடந்த நீர் ஊரை அழிப்பதுபோல, குருதியில் மிகுந்து நிற்கும் சர்க்கரை கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கெடுக்கும். தொடக்கத்தில் நோவு இன்மையால் பலர் அதனை உணர்வதும் இல்லை.

திசுக்கள் இன்சுலினுக்குச் செவிசாய்க்கும் தன்மையை இன்சுலின் உணர்திறன் என்பர். உடல் பருத்தவர்களிடம் இவ்வுணர்திறன் பெரும்பாலும் குறைகின்றது. பத்தாயத்தில் நெல் மிகுவதற்கும் வயலில் மடை இறுகுவதற்கும் தொடர்பு யாது? இவ்வினா அறிஞர்களை நெடுநாள் மலைக்க வைத்தது. விடை ஓர் எலியிடமிருந்து தொடங்கிற்று.

அமெரிக்காவில் மெயின் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் 1949ஆம் ஆண்டு மிகப் பருத்த எலி ஒன்று காணப்பட்டது. அதன் வழிவந்த எலிகள் சிலவும் ஓயாது உண்டு அவ்வாறே பருத்தன. பின்னாளில் அங்கே ஆய்வு செய்த டக்ளஸ் கோல்மன், இத்தகைய பருத்த எலியின் குருதியோட்டத்தை இயல்பான எலியின் குருதியோட்டத்தோடு இணைத்துப் பார்த்தார். பருத்த எலி உண்பதைக் குறைத்து இளைத்தது. இயல்பான எலியின் குருதியில் உள்ள ஏதோ ஒரு பொருள் ‘போதும்’ என்று சொல்கின்றது, பருத்த எலியிடம் அது இல்லை என அவர் உய்த்துணர்ந்தார். அப்பொருளைத் தோற்றுவிக்கும் மரபணுவை 1994ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் கண்டனர். அப்பொருளுக்கு லெப்டின் என்று பெயரிட்டனர். ‘மெலிந்த’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது. லெப்டின் பிறக்கும் இடம் கொழுப்புத் திசுவே என்பது யாவரையும் வியக்கச் செய்தது.

பத்தாயத்தில் எவ்வளவு நெல் இருக்கின்றது என்பதைக் கணக்குப்பிள்ளை பண்ணையாருக்கு அறிவிப்பதுபோல, உடலில் எவ்வளவு கொழுப்பு இருக்கின்றது என்பதை லெப்டின் மூளைக்கு அறிவிக்கின்றது. இருப்பு மிகுந்தால் பசி தணியவேண்டும். குறைந்தால் பசி எழவேண்டும். பிறவியிலேயே லெப்டின் சுரவாத குழந்தைகள் மிகச் சிலர் உலகில் உளர். அவர்களுக்கு ஊசி வழியே அதனைச் செலுத்தியபோது, அடங்காத பசி அடங்கியது; உடலும் இளைத்தது. அவ்வாறாயின் பருத்தோர் அனைவர்க்கும் அதுவே மருந்தாகலாமே என்று உலகம் எதிர்பார்த்தது. அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. பருத்தோர் குருதியில் லெப்டின் ஏற்கெனவே மிகுந்திருந்தது. கணக்குப்பிள்ளை நாள்தோறும் உரக்கக் கூவியும் பண்ணையாரின் செவி பழகி மரத்துப் போயிற்று. அதன்றியும், ஒருவர் திடீரென உணவைக் குறைத்து இளைத்தால் லெப்டினும் குறைகின்றது. மூளை அதனைப் பஞ்சம் என்று கருதிப் பசியைப் பெருக்கி, உடலின் செலவைச் சுருக்குகின்றது. இளைத்தோர் பலர் மீண்டும் பருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாணவர்களே! இதிலிருந்து நாம் கற்கவேண்டிய முதற்பாடம் ஒன்று உண்டு. பருத்த உடலினரைச் சோம்பர் என்றும் பெருந்தீனியர் என்றும் எள்ளுவது அறியாமை. அவர்கள் போராடுவது நாவோடு மட்டுமன்று; தம் உடலின் ஆழத்தில் இயங்கும் ஒரு கணக்கோடும் போராடுகின்றனர். உங்கள் வகுப்பில் அத்தகைய தோழன் ஒருவன் இருப்பின், அவனைப் பட்டப்பெயரிட்டு அழையாது, மாலையில் விளையாட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கொழுப்புத் திசு அனுப்பும் மற்றொரு தூது அடிப்போனெக்டின். அமெரிக்க அறிஞர் 1995ஆம் ஆண்டிலும், ஜப்பான் நாட்டு ஒசாகாப் பல்கலைக்கழகத்தில் மட்சுசாவா குழுவினர் 1996ஆம் ஆண்டிலும் இதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். இது கல்லீரலும் தசையும் இன்சுலினுக்குச் செவிசாய்க்கத் துணைபுரிகின்றது. தசையில் தங்கிய கொழுப்பு எரிந்து செலவாகவும் உதவுகின்றது. மடைப்பலகையில் படிந்த சேற்றைக் கழுவி எண்ணெயிடும் நல்லாளன் என்று இதனைக் கூறலாம். இதில் வியப்பு யாதெனில், கொழுப்புத் திசு பெருகப் பெருக லெப்டின் மிகுகின்றது, அடிப்போனெக்டினோ குறைகின்றது. வீடு செல்வத்தால் நிறையும்போது நல்லாளன் வெளியேறுவது போன்றது இது. 2001ஆம் ஆண்டு இன்சுலினை மதியாத எலிகளுக்கு அடிப்போனெக்டினைச் செலுத்தியபோது அவை மீண்டும் அதற்குச் செவிசாய்த்தன. மனிதரிடத்தில் உடல் எடை தக்க அளவு குறையும்போது இந்நல்லாளன் தானே திரும்பி வருகின்றான்.

மூன்றாவதாக, தீய தூதும் உண்டு. அளவுக்கு மீறிப் புடைத்த கொழுப்பணுக்களைச் சூழ்ந்து உடலின் காவல் அணுக்கள் குவிகின்றன. பகைவர் எவரும் இல்லாதபோதும் அவை போர்க்கோலம் பூண்டு, சிறு நெருப்பு ஒன்றை அணையாது வளர்க்கின்றன. இதனை மருத்துவர் அழற்சி என்பர். இவ்வழற்சியில் பிறக்கும் ஒரு பொருள் இன்சுலினின் செயலைத் தடுக்கின்றது என்பதை 1993ஆம் ஆண்டு பாஸ்டன் நகர ஆய்வாளர் எலிகளிடம் காட்டினர்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கொழுப்பே பகையாயின், கொழுப்பே இல்லாத உடல் நலமுடையதாகுமோ? ஆகாது. கொழுப்புத் திசு வளராத அரிய நோயர் சிலர் உளர். அவர்களுக்கும் கடுமையான நீரிழிவு வருகின்றது. பத்தாயமே இல்லாத வீட்டில் நெல்லை எங்கே கொட்டுவது? கூடத்திலும் திண்ணையிலும் அடுப்பங்கரையிலும் குவிப்பர். நடமாட இடமின்றி வீடே பாழாகும். அதுபோல, தங்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் சென்று படிந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றது. பத்தாயம் இருந்தும் அது நிரம்பி வழிந்தால் விளைவு அதுவே. ஆகவே கொழுப்புத் திசு நமக்கு நண்பன். அதன் கொள்ளளவை மீறுதலே குற்றம்.

இக்கொள்ளளவு எல்லார்க்கும் ஒன்றன்று. இந்தியரின் நிலை இதில் தனித்துக் கருதத்தக்கது. புனே நகரத்து மருத்துவ அறிஞர் யாஜ்னிக், இங்கிலாந்து நாட்டு அறிஞர் யுட்கின் ஆகிய இருவரும் 2004ஆம் ஆண்டு தம் உடல்களையே சான்றாகக் காட்டி ஓர் உண்மையை விளக்கினர். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடற்பருமன் எண் இருவர்க்கும் 22.3. ஆயினும் ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, இந்தியர் உடலில் 21.2 பங்கு. தோற்றத்தில் மெலிவு, உள்ளே கொழுப்பு. நம்மவர் பலர்க்குக் கை கால்கள் மெலிந்திருக்க, வயிறு மட்டும் முன்தள்ளுவதை நாம் காண்கின்றோம். வயிற்றினுள் தங்கும் கொழுப்பே மிகுந்த தீங்கு தருவது. இதனாலேயே மருத்துவர் இந்தியர்க்குத் தனி அளவை வகுத்துள்ளனர். பருமன் எண் 23ஐ எட்டினாலே மிகை எடை. இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டருக்கும் உட்பட்டிருத்தல் வேண்டும். இவ்வளவுகள் வளர்ந்தோர்க்கு உரியன. வளரும் பருவத்தினர்க்கு வேறு அளவுகள் உண்டு.

நம் தமிழ்நாடு இந்நோயாராய்ச்சியில் முன்னிற்கின்றது. 1948ஆம் ஆண்டிலேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கினார். 2001ஆம் ஆண்டு தொடங்கிய சென்னை நகர ஆய்வில் மருத்துவர் மோகன் குழுவினர் 26,001 பேரை ஆராய்ந்தனர். அவ்வாய்வின் ஒரு பகுதியில், அடிப்போனெக்டின் குறைந்தவர்களிடம் வயிற்றுப் பருமன், மிகை இரத்த அழுத்தம், சர்க்கரை மிகுதி ஆகியவை கூடி வருவதைக் கண்டனர். 2023ஆம் ஆண்டு வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடியே 10 இலட்சம் பேர்க்கு நீரிழிவு உண்டென மதிப்பிட்டது. இஃது ஒரு நாட்டின் மக்கள்தொகைக்கு ஒப்பான எண் அன்றோ!

இனி, நம் காவிரிநாட்டை நோக்குவோம். நெல்லை உரலில் இட்டு உலக்கையால் குத்திய காலத்தில் தவிட்டின் ஒரு பகுதி அரிசியில் ஒட்டியிருந்தது. ஆலையில் வெண்மையாகத் தீட்டப்பெற்ற அரிசியில் தவிடும் முளையும் நீங்குகின்றன; அவற்றோடு நார்ப்பொருளும் உயிர்ச்சத்துகளும் நீங்குகின்றன. அச்சோறு விரைந்து செரித்துச் சர்க்கரையாகின்றது. 21 நாடுகளில் 1,32,373 பேரை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, வெள்ளரிசிச் சோற்றை மிகுதியாக உண்போர்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுகின்றது. அதுவும் தெற்காசிய மக்களிடமே அது மிகத் தெளிவாகக் காணப்பட்டது.

இதனால் நெல்லைப் பழித்தல் தகாது. நம் பாட்டன்மாரும் சோறே உண்டனர். ஆனால் உண்ட சோற்றை வயலில் உழைத்துச் செலவிட்டனர். ஏர் பிடித்தல், நாற்று நடுதல், களை பறித்தல், கதிர் அறுத்தல், போரடித்தல் ஆகிய யாவும் உடலால் செய்யப்பட்டன. இன்று உழவு இயந்திரமும் நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் அவ்வேலைகளைச் செய்கின்றன. அவை மக்களின் துன்பத்தைக் குறைத்தமை நன்றே. செலவு குறைந்தது, வரவோ குறையவில்லை. ஆகவே பத்தாயம் வழிகின்றது.

இதனை எழுதும் யானும் இவ்வுண்மையைத் தாமதமாகவே உணர்ந்தேன். என் அன்னை விடியற்காலையில் நெல் குத்துவாள். அவ்வுலக்கையொலி கேட்டே யான் கண்விழிப்பேன். அவள் மூன்று வேளையும் சோறுண்டு, எண்பது வயது வரை மருந்தறியாது வாழ்ந்தாள். யானோ முப்பத்தைந்து ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்து இலக்கணம் கற்பித்தேன். அவள் உண்ட அளவே உண்டேன். ஐம்பத்து நான்காம் வயதில் காலில் பட்ட சிறு புண் இரு திங்களாகியும் ஆறவில்லை. மருத்துவர் குருதியைச் சோதித்து நீரிழிவு என்றார். ‘யான் பருத்தவன் அல்லேனே’ என்றேன். அவர் மறுமொழி கூறாது அளவுநாடாவை எடுத்து என் இடுப்பைச் சுற்றினார், 97 சென்டிமீட்டர். ‘பண்டிதரே, எடைக்கல் சொல்லாததை இந்த நாடா சொல்லும்’ என்றார். மருந்தோடு, நாள்தோறும் வெண்ணாற்றங்கரையில் நடக்கலானேன். சோற்றைப் பாதியாக்கிக் கீரையும் பருப்பும் காயும் கூட்டினேன். புண் ஆறியது, கால் தப்பியது. ஆனால் என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர் அத்தகைய புண்ணைப் பொருட்படுத்தாது விட்டுத் தம் பாதத்தை இழந்தார். அவர் இன்றும் என் வீட்டுத் திண்ணையில் அமரும்போது, ஊன்றுகோலைச் சுவரில் சாத்தும் ஒலி என் நெஞ்சைச் சுடும்.

வருமுன் காத்தல் இயலும் என்பதற்கும் சான்று நம் சென்னையிலேயே உண்டு. மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைத் தெரிந்தெடுத்து ஆராய்ந்து, 2006ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். பொதுவான அறிவுரையோடு விடப்பட்ட குழுவில் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். நாள்தோறும் அரைமணி நேரத்துக்குக் குறையாத நடையும் திருந்திய உணவும் மேற்கொண்ட குழுவில் 39 பேரே நோயுற்றனர். எடை பெரிதும் குறையாதபோதும் இந்நன்மை விளைந்தமை குறிப்பிடத்தக்கது. உழைக்கும் தசை இன்சுலினை மதிக்கின்றது; சேறு படிந்த மடை, திறக்கத் திறக்க இளகுகின்றது.

உண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்பார்க்கு மருந்தே வேண்டுவதில்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்தினார். இயக்குநீர்களின் பெயர் அறியாத காலத்தில் அவர் கண்ட நெறிக்கு இன்றைய ஆய்வுக்கூடம் காரணம் காட்டுகின்றது.

மாணவர்களே! பாடத்தைப் படித்து மூடிவிடாதீர்கள். இன்று வீட்டிற்குச் சென்றதும் ஒரு நாடாவை எடுங்கள். தந்தை, தாய், பாட்டன், பாட்டி ஆகியோரின் இடுப்பை அளந்து ஏட்டில் எழுதுங்கள். அளவு மிகுந்திருப்பின் அவர்களை இகழாது, அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று குருதிச் சோதனை செய்விக்கச் சொல்லுங்கள். மாலையில் அவர்கள் கையைப் பற்றி ஆற்றங்கரைக்கு நடத்திச் செல்லுங்கள். கடைமடை வரை நீர் பாய்வதே நல்ல பாசனம். அதற்கு மேட்டூரில் நீர் இருந்தால் மட்டும் போதாது. ஊரார் ஒவ்வொருவரும் தத்தம் மடையைத் தூய்மையாக வைத்திருத்தல் வேண்டும்.

பயிற்சி

1. கொழுப்புத் திசுவைப் பத்தாயத்தோடு ஒப்பிடுவது எவ்வாறு பொருந்தும்? எங்கே பொருந்தாது?
2. ‘வாய்க்காலில் வெள்ளம், வயலில் வறட்சி’ — இத்தொடரின் கருத்தை விளக்குக.
3. லெப்டின், அடிப்போனெக்டின் இவற்றின் பணிகளை வேறுபடுத்திக் காட்டுக.
4. கொழுப்பே இல்லாத உடலிலும் நீரிழிவு வருவது ஏன்?
5. உங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகளுக்குமுன் உடலால் செய்யப்பட்ட வேலைகள் யாவை, இன்று அவை எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை முதியோரிடம் கேட்டு ஒரு கட்டுரை வரைக.